புகுந்த வீடு

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் இப்போது அருகிவிட்டார்கள். அதில் விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் மட்டும் குறைவதாகக் காணோம். சென்ற மாதம் ஒரு நண்பர் வந்தார். நான் கண்ணிவெடி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இந்த வயசிலுமா, ஸார்?" என்றார். அவர் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு தவறாமல் சீட்டுக் கச்சேரி நடப்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் காபி கொடுத்தே அனுப்பினேன்.

விளையாடலாமா கூடாதா என்ற வழக்கு அதுபாட்டுக்கு நடக்கட்டும். எனக்கு ஆச்சரியம் தருவது வேறொரு சமாசாரம். அந்தக் கண்ணிவெடி ஆட்டம் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. 1992-இல் விண்டோஸ் 3.1 வெளிவந்தபோது அதனோடு சேர்ந்து வந்தது. என் கம்ப்யூட்டரிலோ விண்டோஸ் என்பது மருந்துக்கும் கிடையாது. தம்பி மகன் லினக்ஸ் என்ற வேறோர் ஏற்பாட்டைப் போட்டுக் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. அப்படியிருக்க அந்த ஆட்டம் இங்கே எப்படி ஓடுகிறது? விசாரித்துக்கொண்டு போனபோது, நான் எழுதிய தொடர்கதை எதிலும் இத்தனை திருப்பமும் இத்தனை பொறுமையும் இல்லை என்று தோன்றிற்று.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்ற பெயரைக் கண்டு வாசகர்கள் பக்கத்தைத் தள்ளிவிடக் கூடாது. அது குடித்தன நிர்வாகம், அவ்வளவுதான். ஒரு விளையாட்டுக்குத் தானாகத் தெரிந்தது கணக்குப் போடுவது ஒன்றே. திரையில் ஒரு சதுரம் வரைய வேண்டுமா, மவுஸை அழுத்தினார்களா என்று அறிய வேண்டுமா, எத்தனை வினாடி ஆயிற்று என்று குறித்து வைக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அது வீட்டு நிர்வாகத்தைத்தான் கேட்டாக வேண்டும். கேட்பதற்கென்று ஆயிரக்கணக்கான அழைப்புகள் உண்டு. விண்டோஸில் அவற்றுக்கு ஒரு பெயர், ஒரு முறை. லினக்ஸில் வேறு பெயர், வேறு முறை.

கல்யாணமாகிப் புதிதாக வந்த பெண்ணைப் பாருங்கள். ரசத்துக்குத் தாளிக்க நின்றால் கை தானாக இடது பக்கத்து மாடத்துக்குப் போகும். அங்கேதான் அவள் அம்மா கடுகு டப்பாவை வைத்திருப்பாள். புகுந்த வீட்டிலும் கடுகு இல்லாமல் இல்லை. ஆனால் அது வலது பக்கத்து அலமாரியில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. அடுப்பு இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிதான். அதாவது கணக்குப் போடும் சில்லு இரண்டுக்கும் பொது. பெண்ணுக்குச் சமையலும் தெரியும். இருந்தும் ரசம் ஆவதில்லை. விண்டோஸ் ஆட்டம் லினக்ஸில் வந்து திகைத்து நிற்பது இதனால்தான்.

இதற்கு ஒரு வழி, புகுந்த வீட்டுக் கூடத்தில் பிறந்த வீட்டையே சினிமா செட் மாதிரி முழுசாக எழுப்பிவிடுவது. சுவர், மாடம், கிணற்றடி, திண்ணை எல்லாம் அப்படியே. இதையும் செய்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீட்டைச் சுமப்பது லேசான காரியமல்ல. யந்திரம் மூச்சு வாங்கும். மற்றொரு வழி, அந்தப் பெண் கை நீட்டுகிற இடத்திலெல்லாம் அவள் தேடும் டப்பா இருக்கும்படி பார்த்துக்கொள்கிற நாத்தனார் ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்துவது. அப்படிப்பட்ட நாத்தனார் கதைகளில்கூட அபூர்வம். கம்ப்யூட்டர் உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் வைன்.

பெயரைக் கேட்டதும் என் அக்கா, "இந்த வீட்டிலா?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எங்கள் அப்பா மதுவிலக்குப் பிரசாரத்துக்காகச் சொந்தச் செலவில் ஊர் ஊராகப் போனவர். 'வைன் என்பது எமுலேட்டர் அல்ல' என்று ஆங்கிலத்தில் சொல்லும் வாக்கியத்தின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் கிடைக்கும் பெயர்தான் அது, புட்டியில் வருவதல்ல என்று தம்பி மகன் விளக்கினான். எமுலேட்டர் என்பது நான் சொன்ன செட் வேலை. அந்த வேலை அல்ல இது என்பதைப் பெயரிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். வாக்கியத்துக்குள் அதே வைன் மறுபடி வருவதால் விளக்கம் முடிவதே இல்லை. நிரல் எழுதுகிறவர்களின் ஹாஸ்யம் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

1993-இல் பாப் ஆம்ஸ்டட், எரிக் யங்டேல் என்ற இருவர் தொடங்கிய முயற்சி இது. அப்போது லினக்ஸுக்கே இரண்டு வயசுதான். அடுத்த வருஷம் அலெக்ஸாண்டர் ஜூலியார் என்பவர் பொறுப்பை ஏற்றார். அன்று ஏற்றவர் முப்பது வருஷத்துக்கும் மேலாக இறக்கிவைக்கவில்லை. முதல் முழுப் பதிப்பு, அதாவது 1.0 என்று தைரியமாக எண்ணிட்ட பதிப்பு, 2008 ஜூனில் வந்தது. தொடங்கிப் பதினைந்து வருஷம்! ஒரு தொடர்கதை இரண்டு வாரம் தாமதமானால் பத்திரிகை ஆசிரியர் போன் செய்கிற வேகத்தை நான் அறிவேன். பதினைந்து வருஷம் ஒரு முதல் பதிப்புக்காகக் காத்திருந்தவர்களையும், காசு பெரிதாக ஒன்றும் வராத போதும் அதற்காக உழைத்தவர்களையும் நினைத்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. விண்டோஸின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இவர்கள் பார்க்க முடியாது. அது மைக்ரோசாப்டின் சொத்து. பார்க்க முடியாது என்பது மட்டுமல்ல, பார்க்கவும் கூடாது என்று இவர்களே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். அந்த மூலத்தை எங்கேனும் ஒருவர் பார்த்திருந்தால் வைனுக்கு அவர் ஒரு வரிகூட எழுதித் தர முடியாது. பின்னே எப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்? வாசலில் நின்று கேட்டுக் கற்றார்கள். மைக்ரோசாப்ட் வெளியிட்ட கையேடுகள் உண்டு. ஆனால் எந்த மாமியார்தான் எல்லா வழக்கத்தையும் எழுதி வைக்கிறாள்? ஆகவே சின்னச் சின்னச் சோதனை நிரல்களை எழுதி விண்டோஸிடம் அனுப்புவார்கள். 'இதைக் கேட்டால் என்ன சொல்கிறாய்? தப்பாகக் கேட்டால் என்ன சொல்கிறாய்?' வந்த பதிலைக் குறித்துக்கொண்டு, வைனும் அதே பதிலைச் சொல்லும்படி எழுதுவார்கள். இப்படி ஆயிரக்கணக்கான கேள்விகள்.

இதில் நான் மிகவும் ரசித்த இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் சில கேள்விகளுக்குத் தப்பான பதில் சொல்லும். அந்தத் தப்புக்கு ஏற்றபடி எழுதப்பட்ட விளையாட்டுக்கள் இருக்கும். வைன் சரியான பதிலைச் சொன்னால் அந்த விளையாட்டு விழுந்துவிடும்! ஆகவே தப்பையும் தப்பாமல் கற்க வேண்டியிருந்தது. அம்மா வீட்டு ஊறுகாயில் உப்பு ஜாஸ்தி என்றால், பெண்ணுக்கு அந்த உப்புதான் ருசி.

சாதாரண நிரல்களோடு போயிருந்தால் இத்தனை பாடில்லை. கடிதம் எழுதுகிற நிரல் சற்றே தாமதித்தாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. விளையாட்டு அப்படியல்ல. வினாடிக்கு அறுபது படம் வரைய வேண்டும். குதிரை ஓட வேண்டும், மழை பெய்ய வேண்டும், கத்தி மின்ன வேண்டும். படம் வரைவதற்கு விண்டோஸில் டைரக்ட்3டி என்று தனிப் பாஷையே வைத்திருக்கிறார்கள். 2017-இல் வந்த 'நியர்: ஆட்டோமாட்டா' என்ற ஜப்பானிய விளையாட்டை லினக்ஸில் ஆட வேண்டும் என்று பிலிப் ரெபோலே என்ற நிரலாளருக்கு ஆசை. ஆட முடியவில்லை. நானாக இருந்தால் வேறு விளையாட்டைத் தேடியிருப்பேன். அவர் உட்கார்ந்து, அந்தப் பாஷையை வல்கன் என்ற பொதுப் பாஷைக்கு ஓடுகிற ஓட்டத்திலேயே மொழிபெயர்க்கும் டிஎக்ஸ்விகே என்ற துபாஷியை எழுதிவிட்டார். ஒரு விளையாட்டை ஆட ஆசைப்பட்டதில் ஆயிரம் விளையாட்டுக்களுக்கு வழி பிறந்தது.

இந்த இடத்தில் கதையில் ஒரு பணக்காரர் வர வேண்டும்; வருகிறார். கேப் நியூவெல் என்பவர் மைக்ரோசாப்டில் பதின்மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, 1996-இல் வால்வ் என்ற சொந்தக் கம்பெனியைத் தோழர் ஒருவருடன் ஆரம்பித்தவர். 2003 முதல் அந்தக் கம்பெனி ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்துகிறது. கடை நடப்பது விண்டோஸ் என்ற மனையில். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாப்டே அதற்குள் ஒரு கடையைத் திறந்தது. மனைக்காரரே பக்கத்தில் பந்தல் போட்டுவிட்டால் வாடகைக் கடைக்காரருக்குத் தூக்கம் வருமா? வால்வ் லினக்ஸ் பக்கம் திரும்பியது. 2015-இல் ஸ்டீம் மெஷின் என்று லினக்ஸ் பெட்டிகளை வெளியிடச் செய்தார்கள். விளையாட்டு செய்கிறவர்களை எல்லாம், "எங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒன்று எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்கள். சிலர் எழுதினார்கள், பலர் எழுதவில்லை. விளையாட்டு இல்லாத பெட்டியை யார் வாங்குவார்கள்? பெட்டிகள் தூங்கின.

பிறகு வந்ததுதான் சரியான யோசனை. பெண்ணை மாறச் சொல்லாதே, வீட்டை மாற்று. வைனை எடுத்து, டிஎக்ஸ்விகேயைச் சேர்த்து, அமெரிக்காவில் மினசோட்டாவிலுள்ள கோட்வீவர்ஸ் என்ற வைன் நிபுணர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதுவரை வைனை அமைக்க ஒரு நாள் பிடிக்கும். இப்போது பொத்தானை அழுத்தினால் போதும். அங்கீகரித்த முதல் பட்டியலில் 'நியர்: ஆட்டோமாட்டா'வும் இருந்தது. 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் என்ற கையடக்கப் பெட்டி வந்தது. அதை வாங்கியவர்களில் பலருக்குத் தாம் ஆடுவது லினக்ஸில் என்பதே தெரியாது. நல்ல உபசாரத்துக்கு அதுதானே அடையாளம்?

எல்லோரும் கை தட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் பக்தர்களில் கடுமையானவர்கள் இதை ரசிக்கவில்லை. "விண்டோஸ் ஆட்டமே இங்கே ஓடுமென்றால், லினக்ஸுக்கென்று தனியாக யார் எழுதுவார்கள்? இது நம் வீட்டு அடுப்பை அணைக்கிற வேலை" என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த வாதத்தை நான் வேறிடத்தில் கேட்டிருக்கிறேன். கா. ஸ்ரீ. ஸ்ரீ. காண்டேகரையும், த. நா. குமாரஸ்வாமி வங்க நாவல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்த காலத்தில், மொழிபெயர்ப்பு பெருகினால் தமிழில் சுயமாக எழுதுவது படுத்துவிடும் என்று கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். படுத்ததாகத் தெரியவில்லை. காண்டேகரைப் படித்து வளர்ந்தவர்கள் தமிழில்தான் எழுதினார்கள்.

மேலும் பக்தர்களுக்கே சங்கடமான ஓர் உண்மை இருக்கிறது. 1998 முதல் 2002 வரை லோக்கி என்ற கம்பெனி, பிரபல விளையாட்டுக்களை லினக்ஸுக்கென்றே பிரத்தியேகமாக மாற்றி விற்றது. அவற்றை இன்றைய லினக்ஸில் ஓட வைப்பது பெரும்பாடு. இருபது வருஷத்தில் லினக்ஸ் தன் அலமாரிகளை அத்தனை தடவை மாற்றிப் போட்டுவிட்டது. அதே காலத்து விண்டோஸ் ஆட்டமோ வைன் மூலமாக வெகு சுலபமாக ஓடிவிடும். சொந்தப் பெண் வாசலில் நிற்க, வந்த மருமகள் உள்ளே சௌக்கியமாயிருக்கிறாள்! லினக்ஸில் என்றைக்கும் மாறாமல் நிலைத்த முறை விண்டோஸ் முறை ஒன்றுதான் என்று நிரல் எழுதுகிறவர்கள் தமக்குள் சொல்லிச் சிரிப்பது இதை வைத்துத்தான்.

எல்லா விளையாட்டும் ஓடுகிறதா என்றால், இல்லை. பலர் கூடிப் போட்டியிடும் சில விளையாட்டுக்களில், யாரும் திருட்டு ஆட்டம் ஆடாமல் பார்த்துக்கொள்ளக் காவற்காரன் ஒருவனைக் கம்ப்யூட்டரின் மூலஸ்தானத்திலேயே நிறுத்துகிறார்கள். அவனுக்கு விண்டோஸின் மூலஸ்தானம்தான் பழக்கம். வைன் எத்தனை நயமாகப் பேசினாலும் அவன் உள்ளே வர மாட்டான். 'வாலரண்ட்' லினக்ஸில் ஓடாதது இதனால். 'ஃபோர்ட்நைட்' கதை இன்னும் விசித்திரம். அதைச் செய்தவர்களே வழங்கும் ஒரு காவல் முறை 2021 முதல் புரோட்டானோடு ஒத்துழைக்கத் தயார். தங்கள் சொந்த விளையாட்டுக்கு மட்டும் அந்தக் கதவைத் திறக்க மாட்டோம் என்கிறார்கள். தம்பி மகனுக்கு இதில் மகா கோபம். ஒரு விளையாட்டுக்காக வீட்டுச் சாவிக் கொத்தையே கேட்கிறவனை உள்ளே விடாதது லினக்ஸின் பாக்கியம் என்பது என் கட்சி. ஆனால் விளையாடுகிற வயசு அவனுடையது. ஆகையால் வாதத்தை நான் நீட்டுவதில்லை.

மைக்ரோசாப்ட் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு என்ன செய்தது என்று வாசகர்கள் கேட்கலாம். வழக்குத் தொடுத்து வைனை முடக்க முனையவில்லை. 2024 ஆகஸ்டில், தன் கையிலிருந்த மோனோ என்ற திட்டத்தை வைன்காரர்களிடமே ஒப்படைத்தது. சம்பந்தி வீட்டாரிடமிருந்து தாமதமாக வந்த சீர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணிவெடி ஆட்டத்துக்கு வருகிறேன். அது எங்கள் அத்தானுடையது. அக்காவின் கணவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் 1995-இல் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். கணக்கு வழக்குப் பார்க்க என்று சொல்லித்தான் வாங்கினார். மத்தியானம் இரண்டு மணிக்குக் கண்ணிவெடி ஆட உட்கார்ந்தால் நாலு மணிக் காபிக்குத்தான் எழுந்திருப்பார். 480 கட்டம், 99 வெடி, நிபுணர் ஆட்டம். அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, "அங்கே வைக்காதீர்கள், வெடிக்கப் போகிறது" என்பாள். வெடிக்கும். 1999-இல் அவர் போய்விட்டார். சில வருஷத்தில் யந்திரமும் போயிற்று. அதிலிருந்ததையெல்லாம் தம்பி ஒரு தட்டில் பதித்து, அக்காவின் பட்டுப்புடவைப் பெட்டியில் போட்டுவைத்தான்.

பிற்காலத்து விண்டோஸில் அந்த ஆட்டம் ஓடாது. அது 16-பிட் காலத்து நிரல். 64-பிட் விண்டோஸ் அந்தக் காலத்தை ஏற்பதில்லை. விண்டோஸ் 8-லிருந்து கண்ணிவெடி விண்டோஸோடு சேர்ந்து வருவதும் நின்றுவிட்டது. முப்பது வருஷப் பழசையெல்லாம் எத்தனை நாள் சுமப்பது என்று நிர்வாகம் நினைப்பதில் தவறும் இல்லை. ஆனால் வைன் 1993-இல் பேசக் கற்றுக்கொண்டதே இந்த 16-பிட் பாஷையைத்தான். முதலில் கற்றதை அது மறக்கவில்லை.

"வைனிலேயே இதே மாதிரி ஒரு கண்ணிவெடி இருக்கிறது, அத்தை" என்று தம்பி மகன் காட்டினான். உண்மைதான்; வைன்காரர்கள் தாமே ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது அது இல்லை" என்றாள். அவன் மறு பேச்சுப் பேசவில்லை. பெட்டியிலிருந்து தட்டை எடுத்து வரச் சொன்னான்.

விண்டோஸ் நிரல்களுக்கு 'சி' என்று ஓர் அலமாரி இருந்தாக வேண்டும். லினக்ஸில் அப்படி ஒன்று கிடையாது. ஆகையால் வைன் ஒரு சாதாரண அடைவை எடுத்து, அதற்குச் 'சி' என்று பெயரிட்டு, உள்ளே 'விண்டோஸ்' என்று ஒரு தட்டும் வைத்திருக்கிறது. மாடமும் கடுகு டப்பாவும்! அந்த இடத்தில் ஆட்டத்தை வைத்தான். முப்பது கிலோபைட்கூட இல்லை. இன்று ஒரு புகைப்படத்தில் அது நூறு தடவை அடங்கும். பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு கோப்பு இருந்தது. அதில் சில எழுத்து வரிகள்தாம். அதையும் வைத்தான்.

ஆட்டம் திறந்தது. சாம்பல் நிறக் கட்டங்கள், மேலே மஞ்சள் முகம், சிவப்பு எண்கள். சாதனைப் பட்டியலை அழுத்தினான். மூன்றாவது வரி, நிபுணர் ஆட்டம்: 131 வினாடி. எதிரே ஆங்கில எழுத்தில் அத்தான் பெயர். அந்தச் சின்னக் கோப்பில் இருந்தது அதுதான். இன்ஷியலையும் விடாமல் அடித்திருந்தார்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "131-ஆ? என்னிடம் 130 என்று சொன்னாரே" என்றாள்.

தம்பி மகனுக்கு இம்மாதிரி ஆட்டங்களில் கை வேகம். அவன் தயங்கித் தயங்கி, "அத்தை, நான் ஆடினால் மாமாவின் ரெக்கார்டு போனாலும் போய்விடும். இதை ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்துவிடட்டுமா?" என்றான்.

"எதற்கு? யாராவது ஜெயிக்கட்டும் என்றுதானே பெயரைப் போட்டு வைத்திருக்கிறார்? நீ முதலில் ஆடிக் காட்டு" என்று நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து ஆடுகிறான். இதுவரை அவனுடைய நல்ல ஆட்டம் 148 வினாடி.